ஐந்தடி உயரத்துக்கு முப்பது அங்குலம்

கேள்வி:

டொக்டர், எனக்கு 38 வயது. வட்டக்கச்சிப் பக்கம் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதும் வேலை. உயரம் ஐந்தடி, நிறை 54 கிலோ. போனில் போட்டுப் பார்த்தால் உடற்திணிவுச் சுட்டி (BMI) 23.3 என்று வருகிறது. பச்சை நிறத்தில் 'சாதாரணம்' என்று காட்டுகிறது. கையும் காலும் மெலிவுதான், வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிறது. தையல் நாடாவால் அளந்தேன்: இடுப்பு 34½ அங்குலம், பின்பக்கச் சுற்று 37. அக்காவுக்கு 45 வயது. ஐந்தடி மூன்று அங்குலம், 74 கிலோ. அவளுக்கு இடுப்பு 34, பின்பக்கம் 43½. வீட்டில் எல்லாரும் அவளைத்தான் "குண்டம்மா, உனக்குச் சீனி வரப்போகுது" என்று சொல்லுவார்கள். அவள் இப்போது சோற்றை விட்டுவிட்டு, பேஸ்புக்கில் விற்கிற ஒரு மாவைக் கரைத்துக் குடிக்கிறாள். அம்மாவுக்குச் சீனி வருத்தம், போன வருடம் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கும் சீனி இருந்தது, பிறந்தபின் மாறிவிட்டது. எங்கள் இரண்டு பேரில் யார் பயப்பட வேண்டும்? மூத்த மகள் 2009 இல், சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் பிறந்தவள். அவளையும் அளந்து பார்க்கலாமா?

பதில்:

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய அளவுகளை வைத்துப் பார்த்தால், முதலில் இரத்தம் சோதிக்க வேண்டியவர் நீங்கள்தான். அக்காவும் சோதிக்க வேண்டும், ஆனால் வரிசையில் உங்களுக்குப் பின்னால். வீட்டார் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

போன் பச்சை காட்டியது எப்படி என்று முதலில் பார்ப்போம். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, அந்த உயரத்தால் இரண்டு தடவை பிரித்தால் வருவதுதான் உடற்திணிவுச் சுட்டி. இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் போட்டவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர். அவர் வைத்தியர் இல்லை. ஒரு சனத்தொகையில் சராசரி மனிதர் எப்படி இருப்பார் என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. 1972 இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரை வைத்தார். ஒரு மாவட்டத்திலேயே எத்தனை பேர் நிறை கூடியிருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு அது இன்றைக்கும் நல்ல கணக்கு. தனியொருத்தியை முன்னால் நிறுத்திச் சொல்லும்போதுதான் சறுக்கும். தராசில் ஏறி நின்றால் அதற்குத் தசையும் ஒன்று, கொழுப்பும் ஒன்று. அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா, ஈரலைச் சுற்றி இருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது.

அதற்கு மேல், போனில் இருக்கிற பச்சைக் கோடு நமக்குப் போட்ட கோடு இல்லை. 25 வரை சாதாரணம் என்பது உலகப் பொதுக் கணக்கு. ஆசியர்களுக்குக் குறைந்த சுட்டியிலேயே சீனியும் இதய வருத்தமும் வருகின்றன என்பதால், உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், ஆசியர்களுக்கு 23 இலிருந்தே கவனிக்க வேண்டும், 27.5 க்கு மேல் ஆபத்து அதிகம் என்று சொன்னது. 23 என்ற கோட்டை நீங்கள் மெல்லத் தாண்டிவிட்டீர்கள். அக்காவின் 28.9 மேல்கோட்டையும் தாண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் அக்காதான் பெரிய ஆபத்தில் இருப்பதாகத் தோன்றும். வீட்டார் நின்றதும் இந்த இடத்தில்தான்.

பூனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் யட்கினும் 2004 இல் தங்கள் இருவரின் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒரேயளவு, 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு இருவரும் மெலிவுதான். தென்னாசிய உடம்பின் கதை அந்தப் படத்தில் இருக்கிறது: மெல்லிய கை, மெல்லிய கால், தசை குறைவு, உள்ளே கொழுப்பு.

உள்ளே என்று ஏன் சொல்கிறேன் என்றால், வயிற்றுக் கொழுப்பில் இரண்டு வகை உண்டு. விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது தோலுக்குக் கீழே இருப்பது. மற்றது குடலையும் ஈரலையும் சுற்றி ஆழத்தில் இருப்பது, அதைக் கிள்ள முடியாது. கொம்பறை நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால், மூட்டைகளை வீட்டு அறைக்குள் அடுக்க வேண்டி வரும் இல்லையா, அதுபோலத்தான் இது. தோலுக்குக் கீழே, குறிப்பாக இடுப்புக்குக் கீழேயும் தொடையிலும், கொழுப்பைச் சேமிக்கும் இடம் நம்மவர்களுக்குக் குறைவு. மிச்சம் ஈரலுக்கும் குடலைச் சுற்றியும் போகிறது. அங்கிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் சொல்லை ஈரல் கேட்காமல் போகிறது. சீனியைத் தேவைக்கு மேல் இரத்தத்தில் விடுகிறது. ஸ்கானில் 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதித் தருவார்களே, அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

பெண்களுக்கு மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதில் கொழுப்பு பின்பக்கத்திலும் தொடையிலும் சேர விரும்பும். அது ஓரளவுக்குப் பாதுகாப்பான இடம். அக்காவுக்கு 43½ அங்குலம் வந்தது அதனால்தான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்கும். அக்காவுக்கு 45 வயது என்பதால் அவருடைய நாடாவையும் இனிக் கவனிக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு 38 வயதிலேயே வயிற்றில் சேர்ந்திருக்கிறது.

இனி நாடாவின் கணக்கு. ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர், அதாவது 31½ அங்குலம், அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வைத்த கோடு. ஆண்களுக்கு 90. இரண்டாவது கணக்கு இன்னும் சுலபம், எனக்குப் பிடித்ததும் அதுதான்: இடுப்பு, உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2022 இல் இதையே சொன்னது. பாதியைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது, 0.6 ஐத் தாண்டினால் மிகவும் கூடுகிறது. ஐந்தடி என்றால் 60 அங்குலம். உங்களுக்கு 30 அங்குலம் எல்லை. நீங்கள் 34½ இல் நிற்கிறீர்கள், கணக்குப் போட்டால் 0.575. அக்காவுக்கு 63 அங்குலத்தில் பாதி 31½. அவர் 34 இல் நிற்கிறார், 0.54. இரண்டு பேரும் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறீர்கள். ஆனால் தூரம் உங்களுக்குக் கூட. இருபது கிலோ மெலிந்த தங்கச்சிக்கு அக்காவைவிடப் பெரிய இடுப்பு!

மூன்றாவது கணக்கு, இடுப்பைப் பின்பக்கச் சுற்றால் பிரிப்பது. பெண்களுக்கு 0.85 க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு 0.93, அக்காவுக்கு 0.78. 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்துச் செய்து 2005 இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். மாரடைப்பு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வதில் உடற்திணிவுச் சுட்டியைவிட இந்த விகிதம்தான் முந்தி நின்றது. ஆனாலும் வீட்டில் மாதாமாதம் பார்ப்பதற்கு இதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் அளக்கும்போது பிழையும் இரண்டு மடங்கு. நீங்கள் மெலிந்தால் பின்பக்கமும் சேர்ந்து குறையும், விகிதம் அசையாமல் நிற்கும், மனம் விட்டுப்போகும். முதல் தடவை மூன்றையும் பாருங்கள், பிறகு இடுப்பு ஒன்றே போதும்.

அளக்கும் விதத்தில்தான் எங்கள் பெண்கள் அதிகம் பிழை விடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாவாடை நாடா இறுகித் தழும்பு விழுந்திருக்கிற இடத்தை இடுப்பு என்று நினைத்து அளக்கிறார்கள். வயிறு சரிந்தவர்களுக்கு அந்த இடம் தொப்புளுக்கு நன்றாகக் கீழே போயிருக்கும். எலும்பை வைத்து இடத்தைப் பிடியுங்கள்: விலாவில் கடைசி எலும்பின் கீழ் ஓரத்தை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள், பிறகு அதே பக்கத்தில் இடுப்பெலும்பின் மேல் ஓரத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நாடா அந்தப் புள்ளியில் ஓட வேண்டும். காலையில் சாப்பிட முதல், மலசலம் கழித்த பின், சட்டையை உயர்த்திக்கொண்டு கால்களைச் சேர்த்து நில்லுங்கள். நாடா முதுகுப் பக்கம் தாழ்ந்துவிடும், அதனால் மகளைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் வாசியுங்கள். வயிற்றை உள்ளிழுத்து நாடாவை ஏமாற்றலாம், ஆனால் ஈரலை ஏமாற்ற முடியாது. நாடா தோலில் படிய வேண்டும், பதியக் கூடாது. இரண்டு தடவை அளந்து, இரண்டுக்கும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் அளங்கள். தையல் மெசின் லாச்சிக்குள் வருடக்கணக்காகக் கிடந்த துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். அடிமட்டத்தோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உயரம் பார்க்கும்போது செருப்பைக் கழற்றுங்கள், கொண்டையையும் அவிழ்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாதவர்களும் இந்த வேலைக்கே போக வேண்டாம்.

இந்த முறையில் அளந்தால் உங்கள் 34½ கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்த இலக்கம் இல்லை. கர்ப்ப காலத்தில் சீனி இருந்து "பிறந்தபின் மாறிவிட்டது" என்ற வரிதான் நிறுத்தியது. அது மாறியது உண்மை, முடிந்துவிடவில்லை. கர்ப்பத்தில் சீனி வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சீனி வரும் வாய்ப்பு, வராத பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அதோடு அம்மாவுக்குச் சீனி, அதோடு இந்த இடுப்பு. மூன்றும் ஒரே ஆளில் சேர்ந்திருக்கும்போது நிறை 54 கிலோ என்பது ஆறுதல் தரக்கூடிய செய்தி இல்லை. பிள்ளை பிறந்த பிறகு நீங்கள் சோதித்ததாகக் கடிதத்தில் எழுதவில்லை. பிள்ளையின் ஊசித் திகதி எல்லாம் நினைவிருக்கும், தன் இரத்தத்தைப் பார்க்க வேண்டிய திகதி மட்டும் மறந்துபோகும். தாய்மார் எல்லாரும் அப்படித்தான்.

இந்த மாதத்துக்குள் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்காகவே அது இருக்கிறது, காசு இல்லை. எந்த நாள் என்று குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் சொல்வார். பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள். கர்ப்பத்தில் சீனி இருந்ததை வாய் திறந்து சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கும்வரை இருக்க வேண்டாம். வெறுவயிற்றுச் சீனி 100 க்குக் கீழே வந்தால் நல்லது. 100 முதல் 125 வரை வந்தால் சீனியின் வாசலில் நிற்கிறீர்கள், அந்த இடத்திலிருந்து திரும்பி வரலாம். 126 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை சோதித்து உறுதிப்படுத்துவார்கள். உங்களைப் போன்றவர்களுக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்கும் சோதனை இன்னும் நல்லது, வெறுவயிற்றில் ஒளிந்திருப்பதை அது பிடித்துவிடும். மூன்று மாதச் சராசரி சொல்லும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். இரத்தச்சோகை இருந்தால் அந்த இலக்கம் தவறாக வரும், எங்கள் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கிறது.

அக்காவின் விடயம். அவருடைய பின்பக்கச் சுற்று அவருக்குக் கொஞ்சம் துணையாக நிற்கிறது என்று சொன்னேன். அதற்காக 74 கிலோ ஒன்றுமில்லை என்று ஆகாது. முழங்கால், பிரஷர், நித்திரையில் மூச்சடைப்பது, மாதவிடாய் நின்றபின் மார்பகத்திலும் கருப்பையிலும் வரும் புற்றுநோய், இவை எல்லாம் மொத்த நிறையோடும் தொடர்புடையவை. அவரும் அதே கிளினிக்குக்கு வர வேண்டும். ஆனால் அந்த மாவை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மூலிகை என்று பேர் போட்டு விற்ற மெலிவு மருந்துகளுக்குள் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் ஆபத்து இருப்பதால் 2010 இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அக்கா குடிக்கும் பேணியில் அது இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கும் தெரியாமல் இருக்கலாம், பிரச்சினையே அதுதான். நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, வாய் வறட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

"குண்டம்மா" என்று கூப்பிடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுத்தான் அவரைப் பேஸ்புக் மாவிடம் அனுப்பியது. வன்னியில் இது ஒரு விசித்திரமான விடயம். முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த காலத்தை மறக்காத அம்மாமார், "இப்பதான் உடம்பு பிடிச்சிருக்கு" என்று ஒரு பக்கம் சந்தோசப்படுவார்கள். அதே வாயால் சந்தையில் இன்னொருத்தியைப் பார்த்து "என்னடி, நல்லா வைச்சிட்டாய்" என்பார்கள்.

மகளைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. 16 வயதுப் பிள்ளைக்கு வளர்ந்தவர்களின் 23, 25 என்ற கோடுகள் பொருந்தாது. வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி வரைபில்தான் குறிக்க வேண்டும், அதைக் கிளினிக்கில் செய்வார்கள். ஆனால் இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு பிள்ளைகளுக்கும் பொருந்தும். அவள் விசயத்தில் எனக்கு இன்னொரு கவனமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45 இல், ஒல்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதை நெருங்கியபோது சோதித்துப் பார்த்தார்கள்; குளுக்கோஸ் குடித்தபின் அவர்களின் இரத்தத்தில் சீனி மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. கருவில் பட்டினி கிடந்த உடம்பு, கிடைப்பதைச் சிக்கனமாகச் சேர்த்து வைக்கப் பழகிவிடுகிறது. பின்னாளில் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே எதிராகத் திரும்புகிறது. 2009 இன் முதல் மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மாருக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பயப்படுத்தச் சொல்லவில்லை. பிறக்கும்போது நிறை குறைந்திருந்தால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். கழுத்தின் பின்புறமோ கக்கமோ தடித்துக் கறுத்து வந்தால், அழுக்கென்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்காமல் காட்டுங்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. மாதவிடாய் பல மாதம் தள்ளித் தள்ளிப் போனாலும் காட்டுங்கள். நாடாவை அவள் கையிலேயே கொடுத்து அவளே அளக்கட்டும். இலக்கத்தை வீட்டில் ஒருவரும் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

இடுப்பைக் குறைப்பதற்குத் தனியான மருந்தோ வயிற்றுக்கென்று தனியான பயிற்சியோ கிடையாது. நூறு தடவை படுத்தெழும்பினால் வயிற்றுத் தசை பலப்படும், உள்ளே இருக்கிற கொழுப்பு அந்தத் தசையைக் கேட்டு இறங்காது. அமெரிக்காவில் நடந்து 2002 இல் வெளிவந்த ஆய்வொன்றில், நிறையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்தவர்களில் சீனி வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் செய்த ஆய்வில் பலன் இதைவிடக் குறைவு, சுமார் 28 சதவீதம், ஆனாலும் பலன்தான். உங்களுக்கு 7 சதவீதம் என்பது நாலு கிலோகூட இல்லை. உள்ளே இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் முதலில் கரையும், தராசு காட்ட முதல் நாடா காட்டும்.

அதிகாலை நடை என்று கொழும்பில் இருந்து எழுதுபவர்கள் எழுதுவார்கள். விடியற்புறம் யானையும் நாயும் திரியும் ஒழுங்கையில் அது சரிவராது. நீங்கள் வேலைக்கு ஸ்கூட்டியில் போகிறவராக இருந்தால், முன்பு சைக்கிளில் போன அதே ரோட்டில் வாரத்தில் நாலு நாளாவது திரும்பச் சைக்கிளில் போங்கள். 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். கிணற்றில் அள்ளுவது, தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பது போன்ற பாரமான வேலைகளை விடாதீர்கள், உங்களுக்குக் குறைவாக இருப்பது தசை. சாப்பாட்டில் முதலில் தேத்தண்ணிச் சீனியில் கைவையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் பத்துக் கரண்டி சீனி. அடுத்தது இரவுச் சாப்பாடு: கோதுமை மாப் புட்டும் பாணும் வேண்டாம், குரக்கனோ சிவப்பரிசியோ எதுவானாலும் பாதி அளவு, மிச்சக் கோப்பையைக் கீரை, பயறு, மீனால் நிரப்புங்கள். சோற்றை முழுதாக விட வேண்டியதில்லை, அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள்.

வயிறு பெரிதானால் எல்லாம் கொழுப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருந்தாலும் வயிறு முன்னால் நிற்கும். படுத்தபடி தலையைத் தூக்கினால் நடுக்கோட்டில் மேடு தெரியும். அது இடுப்பளவைக் கூட்டிக் காட்டும், அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. கை, கால், முகம் மெலிய மெலிய வயிறு மட்டும் சில கிழமைகளில் வளர்ந்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தால், அடிக்கடி சலம் முட்டினால், கீழ்வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் இரத்தம் பட்டால், அது கருப்பைக் கட்டியாகவோ சூலகக் கட்டியாகவோ வயிற்றில் நீராகவோ இருக்கலாம். அப்படியென்றால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக்கு நேரே போய் ஸ்கான் எடுங்கள்.